அப்பாவின் காய்ச்சல் ஒளிந்திருந்த இடம்

கார்த்திகை மாதக் கடைசியில அப்பாக்குக் காய்ச்சல் தொடங்கினது. எங்கட வீட்டில காய்ச்சல் எண்டா பெரிய விசயமில்லை. ரெண்டு பனடோல், கொத்தமல்லித் தண்ணி, ஒரு நாள் படுக்கை. மூன்றாம் நாளும் விடாட்டி ஆஸ்பத்திரிக்குப் போய் டெங்கு இருக்கோ எண்டு பார்க்கிறது. கிளிநொச்சியில மழை தொடங்கினால் பாதிப் பேர் இப்படித்தான் ஓபிடி வாசலில நிற்பினம். நாங்களும் போனோம். டெங்கு இல்லை எண்டு வந்தது. சந்தோசமாய்த் திரும்பி வந்தோம்.

ஐந்து கிழமை கழித்து, அதே மனிசன் பன்னிரண்டு கிலோ மெலிந்து, ஆஸ்பத்திரிக் கட்டிலில சாரத்தைப் பிடித்துக்கொண்டு எழும்பி நிற்கக் கஷ்டப்படுவார் எண்டு அண்டைக்கு யாராவது சொல்லியிருந்தால் நான் சிரிச்சிருப்பன்.

அப்பாவின் காய்ச்சலுக்கு ஒரு நேர அட்டவணை இருந்தது. பகலில ஆள் சாதாரணமாய் இருப்பார். பேப்பர் வாசிப்பார், பார்க்க வாற ஆக்களோட அரசியல் கதைப்பார். வந்த சனமும் "மாஸ்ரருக்கு ஒண்டுமில்லை, சும்மா களைப்பு" எண்டு சொல்லிப்போட்டுப் போகும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகுதான் நடுக்கம் தொடங்கும். ரெண்டு போர்வை போர்த்தாலும் கட்டில் ஆடும். சாமம் ரெண்டு மணிக்கு வேர்த்து ஊத்தும். அம்மா எழும்பித் துடைச்சு, படுக்கை விரிப்பை மாத்துவா. விடியக் கொடியில ரெண்டு விரிப்புக் காயும். அயலட்டையில இருந்த ஒராளும் அந்த விரிப்புகளைப் பார்த்து எதையும் யோசிக்கேல்லை.

நான் ஒரு எண்பது பக்கக் கொப்பியில வெப்பநிலை எழுதத் தொடங்கினன். 101.6, 102.4, 99, 103. திகதி, நேரம், பனடோல் குடித்த நேரம். அந்தக் கொப்பிதான் பிறகு டொக்டர்மார் முதலில கேட்டு வாங்கின சாமான். வேற எதில பிழை விட்டாலும் அதில நான் பிழை விடேல்லை எண்டு இப்பவும் எனக்கொரு சின்னப் பெருமை.

பிழை விட்டது வேற இடத்தில. ரெண்டாம் கிழமை, ஆஸ்பத்திரியில திருப்பி வரிசையில நிற்கப் பஞ்சியில, எனக்குத் தெரிஞ்ச ஒரு பார்மசியில போய் "காய்ச்சலுக்கு அன்ரிபயோற்றிக் தாங்கோ" எண்டு கேட்டு வாங்கினன். துண்டும் இல்லை, டொக்டரும் இல்லை. கோ-அமொக்ஸிகிளாவ், ஐந்து நாளைக்கு. காய்ச்சல் குறைஞ்சது! நாலு நாள் அப்பா நல்லா நித்திரை கொண்டார். நான் வீட்டில டொக்டர் மாதிரித் திரிஞ்சன். ஆறாம் நாள் பின்னேரம் திருப்பியும் கட்டில் ஆடினது.

அந்த ஐந்து நாள் மருந்தின்ர விலை எவ்வளவு எண்டு மூன்றாம் கிழமைதான் விளங்கினது. அப்பாவை வாட்டில மறிச்சுப்போட்டு, இரத்தம் எடுத்துக் கல்ச்சருக்குப் போட்டவை. இரத்தத்தில கிருமி இருந்தால் போத்தலுக்குள்ள அது வளரும், வளர்ந்தால் பெயர் சொல்லலாம். ஒண்டும் வளரேல்லை. மருத்துவ நிபுணர் கொப்பியைப் பிரட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். "முதலே ஏதும் அன்ரிபயோற்றிக் குடுத்தனீங்களோ?" ஓம் எண்டன். அவர் பேசேல்லை. பேசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாய் இருந்திருக்கும். அரைகுறையாய்க் குடுத்த மருந்து கிருமியைக் கொல்லாமல், அதை இரத்தத்தில இருந்து கலைச்சு எங்கேயோ மூலையில ஒளிச்சு இருக்க விட்டிருக்கலாம் எண்டு மட்டும் சொன்னார்.

பிறகு ஒவ்வொண்டாய்ப் பார்த்தவை. எலிக்காய்ச்சல் இல்லை. உண்ணிக்காய்ச்சல், அதுதான் டைபஸ், வடக்கில நிறைய இருக்கிற ஒண்டு, அதுவும் இல்லை. மலேரியா 2016இலேயே இலங்கையில ஒழிஞ்சுபோச்செண்டு உலக சுகாதார நிறுவனம் அறிவிச்சாலும், இரத்தத்தைக் கண்ணாடித் துண்டில பூசிப் பார்த்தவை. இல்லை. நெஞ்சு எக்ஸ்ரே தெளிவு. காசநோய்க்குக் கையில ஊசி போட்டுப் பார்த்தது ஒண்டும் காட்டேல்லை. இதயத்தின்ர வால்வில கிருமி பிடிச்சிருக்கோ எண்டு எக்கோ எடுத்தது, அதுவும் சுத்தம். வயித்தில அல்ட்ராசவுண்ட் ஸ்கான் எடுத்தது. ஈரலில கொழுப்பு, மற்றது எல்லாம் நோர்மல் எண்டு ரிப்போர்ட்.

"நோர்மல்" எண்ட சொல்லை நான் அந்த மாதம் வெறுக்கப் பழகினன். ஒவ்வொரு ரிப்போர்ட்டிலும் அது வரும். ஒவ்வொரு பின்னேரமும் கட்டில் ஆடும்.

இப்படியான காய்ச்சலுக்கு மருத்துவத்தில ஒரு பெயர் இருக்கு: காரணம் தெரியாத காய்ச்சல். சும்மா கையை விரிக்கிற பெயர் இல்லை, அளவு வைச்ச பெயர். 1961இல பீற்றர்ஸ்டோர்ஃப், பீசன் எண்ட ரெண்டு அமெரிக்க மருத்துவர்கள் இப்படியான நூறு நோயாளிகளை ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுதிச்சினம். 101 பாகை பரனைற்றுக்கு மேல பல தடவை காய்ச்சல் அடிக்கோணும், மூண்டு கிழமைக்கு மேல இழுபடோணும், ஒரு கிழமை ஆஸ்பத்திரியில வைச்சுப் பார்த்தும் காரணம் பிடிபடக் கூடாது. இந்த மூண்டும் சேர்ந்தால்தான் அந்தப் பெயர். பிறகு வந்த ஆக்கள் அந்த வரைவிலக்கணத்தைக் கொஞ்சம் மாத்தினாலும் அடித்தளம் அதுதான். காரணங்களைப் பெரிசாய் மூண்டு குடும்பமாய்ப் பிரிக்கிறவை. ஒண்டு தொற்று. மற்றது புற்றுநோய், அதிலும் லிம்போமா மாதிரி இரத்தத்தோட சேர்ந்த வகைகள். மூண்டாவது, உடம்பின்ர பாதுகாப்பு முறைமை தன்னையே தாக்கிற அழற்சி நோய்கள். கடைசி வரைக்கும் காரணம் தெரியாமல் போறவையும் உண்டு. அப்படியான ஆக்களில கனபேர் தானாகவே சுகமாகினம் எண்டது ஆறுதல்.

இதெல்லாம் நான் வாட்டுக்கு வெளியில வாங்கில இருந்து போனில வாசிச்சது. வாசிக்கக் கூடாது எண்டு தெரியும். எல்லாரையும் போல நானும் வாசிச்சன். மெலிவு, இரவு வேர்வை, காய்ச்சல். மூண்டையும் ஒண்டாய்த் தேடிப் பாருங்கோ, லிம்போமாதான் முதலில வரும். அம்மாக்குச் சொல்லேல்லை. அம்மாவும் தனக்குத் தோன்றினதை எனக்குச் சொல்லேல்லை எண்டு பிறகுதான் தெரியும். ரெண்டு பேரும் ஒரே சாப்பாட்டுப் பெட்டியைக் காவிக்கொண்டு, ஒரே பயத்தை வேற வேறயாய்க் காவிக்கொண்டு திரிஞ்சிருக்கிறம்.

கனடாவில இருக்கிற மாமா எடுத்தார். "உங்க இருந்து நேரத்தை வீணாக்காதேங்கோ. கொழும்புக்குக் கொண்டுபோய் பெட் ஸ்கான் எடுங்கோ. உடம்பு முழுக்க ஒரே தடவையில காட்டும். காசைப் பற்றி யோசிக்காதேங்கோ." காசை அனுப்பிற மனிசன் காசைப் பற்றி யோசிக்காதேங்கோ எண்டு சொல்லலாம். ஆனால் மாமாவும் அங்க ரெண்டு வேலை செய்யிற ஆள். அம்மா அலுமாரியைத் திறந்து நகைப் பெட்டியை எடுத்துக் கட்டிலில வைச்சா. தாலிக்கொடியைத் தவிர மிச்சம் எல்லாம் அதுக்குள்ள இருந்தது.

பெட் ஸ்கான் எண்ட பெயரை நான் முதல் கேட்டது 2016இல. மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு ஒரு பெட் ஸ்கானர் வாங்க நாடு முழுக்கச் சனத்திட்டக் காசு சேர்த்த காலம். இருபது கோடி ரூபா எண்டது இலக்கு. சில்லறைக் காசில இருந்து சேர்ந்தது. நானும் பேஸ்புக்கில பகிர்ந்தன். எங்கட வகுப்பில ஒராளுக்கும் அது என்ன மெசின் எண்டு தெரியாது, எனக்கும் தெரியாது. இப்ப வாங்கில இருந்து படிச்சன்.

உண்மையிலேயே அழகான யோசனை அது. சீனி மாதிரியான ஒரு பொருளை எடுத்து, அதில கதிரியக்கமுள்ள புளோரின்-18 எண்ட அணுவை ஒட்டி, நரம்புக்குள்ள ஏத்திறது. எஃப்.டி.ஜி. எண்டு சுருக்கமாய்ச் சொல்லுவினம். உடம்பில ஆர் கூடச் சீனி தின்னுகினமோ அவை இதையும் இழுத்து எடுப்பினம். ஆனால் இது உண்மையான சீனி இல்லாதபடியால் கலத்துக்குள்ள போய், ஒரு படி தாண்டி, அதுக்கங்கால சமிக்காமல் அங்கேயே மாட்டுப்பட்டுப் போயிடும். அங்க இருந்து புளோரின் பொசித்திரன் எண்ட துணிக்கையை வெளியில விடும். அது பக்கத்தில ஒரு இலத்திரனைச் சந்திச்சால் ரெண்டும் அழிஞ்சு, எதிரெதிர்த் திசையில ரெண்டு காமாக் கதிர் பாயும். சுத்தி வர நிற்கிற மெசின் ரெண்டையும் ஒரே நேரத்தில பிடிச்சு, எங்க இருந்து வந்ததெண்டு கணக்குப் பார்க்கும். புற்றுநோய்க் கலம் மட்டுமில்லை, கிருமியோட சண்டை பிடிக்கிற வெண்கலங்களும் சீனியை அள்ளித் தின்னும். அதனாலதான் காய்ச்சல் ஒளிஞ்சிருக்கிற இடத்தையும் அது விளக்கு மாதிரிக் காட்டும். முதன்முதலாய் மனிசருக்கு இதை ஏத்தினது 1976இல, அமெரிக்காவில பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில. மூளையைப் பார்க்கிறதுக்காக. காய்ச்சலுக்கு இது பிரயோசனப்படும் எண்டது பிறகு வந்த ஞானம். இப்ப, பெரிய நாடிகளின்ர சுவரில வாற அழற்சி, முள்ளந்தண்டுக்குள்ள தொற்று, செயற்கை வால்வு, ஒளிஞ்சிருக்கிற லிம்போமா எண்டு மற்ற ஸ்கான்கள் தவறவிடுகிற கனக்க இடங்களை இது பிடிக்குது.

புளோரின்-18க்கு அரை ஆயுள் 110 நிமிசம். ஒவ்வொரு 110 நிமிசத்துக்கும் பாதியாய்க் குறைஞ்சுகொண்டு போகும். கொழும்பில இருந்து யாழ்ப்பாணத்துக்கு வான் பிடிச்சு எட்டு மணித்தியாலத்தில கொண்டுவந்தால் இருபதில ஒரு பங்குதான் மிச்சம். ஏன் எங்கட பக்கம் இந்த மெசின் இல்லை எண்டதுக்கு அரசியல் காரணம் நிறைய இருக்கும். ஆனால் பௌதிகவியலும் ஒரு காரணம் எண்டு அண்டைக்குத்தான் தெரியும்.

அடுத்த நாள் காலமை ரவுண்ட்ஸ் முடிய மருத்துவ நிபுணரைப் பிடிச்சன். "டொக்டர், பெட் ஸ்கான் எடுப்பமோ?" எண்டு கேட்டன். நகைப் பெட்டியைப் பற்றிச் சொல்லேல்லை. முகத்தில தெரிஞ்சிருக்கும்.

"எடுக்கலாம் தம்பி. நல்ல ஸ்கான்தான். ஆனா அப்பாக்கு நீரிழிவு. இப்ப காய்ச்சலோட சீனி முன்னூறில நிற்குது. இரத்தத்தில சீனி கூட இருந்தால் அந்த மருந்தோட அது போட்டி போடும், படம் மங்கும். இன்சுலின் அடிச்சுக் குறைச்சால் எல்லாம் தசைக்குள்ள போயிடும். முதலில சீனியைக் கட்டுப்படுத்துவம். அதுக்கிடையில இங்கயே சிரி ஒண்டு எடுப்பம். கொன்ராஸ்ற் குடுத்து. அதில ஒண்டும் இல்லாட்டி நானே கொழும்புக்குக் கடிதம் தாறன்."

எனக்கு ஏமாற்றமாய் இருந்தது எண்டதை மறைக்கேல்லை. பெரிய மெசின் இருக்கேக்க சின்ன மெசினுக்கு ஏன் அனுப்பினம் எண்டுதான் யோசிச்சன். மாமாக்கு எடுத்துச் சொல்ல அவரும் "உங்கட டொக்டர்மார் இப்படித்தான்" எண்டார்.

சிரிக்கு முதல் சிறுநீரகம் தாங்குமோ எண்டு கிரியற்றினின் பார்த்தவை. மெற்போமின் குளிசையை நிற்பாட்டினவை. நரம்பில மருந்து ஏறேக்க உடம்பு முழுக்கச் சூடு பரவினதாம், சலம் போனமாதிரி இருந்ததாம், வெட்கத்தில சாரத்தைத் தொட்டுப் பார்த்தனான் எண்டு அப்பா வெளியில வந்து சிரிச்சார். ஒரு மாதத்துக்குப் பிறகு அப்பா சிரிச்சதை அண்டைக்குத்தான் கண்டன்.

ரிப்போர்ட் பின்னேரம் வந்தது. மண்ணீரலில சின்னச் சின்னதாய்க் கறுத்த புள்ளிகள், ஆறோ ஏழோ. பெரியது ரெண்டு சென்ரிமீற்றர். ஈரலிலும் ஒண்டு. கீழ அபிப்பிராயம் எண்டு மூண்டு வரி: சீழ்க்கட்டிகளாய் இருக்கலாம், காசநோயாய் இருக்கலாம், லிம்போமாவை விலக்க ஏலாது.

மூண்டாவது வரியைத்தான் நான் திருப்பித் திருப்பி வாசிச்சன்.

முதல் எடுத்த அல்ட்ராசவுண்டில இது ஏன் தெரியேல்லை எண்டு எனக்குச் சரியான கோபம். கதிரியக்கவியல் நிபுணரிட்டயே போய்க் கேட்டன். அவர் கோபிக்காமல் ரெண்டு படத்தையும் கணினியில பக்கத்தில பக்கத்தில வைச்சுக் காட்டினார். முதல் படம் எடுத்து ரெண்டு கிழமை. அப்ப கட்டிகள் இருந்திருக்காது, இருந்தாலும் கடுகளவில இருந்திருக்கும். அல்ட்ராசவுண்ட் எண்டது ஒலி. குடலில காத்து நிறைஞ்சிருந்தால் ஒலி அதைத் தாண்டிப் போகாது, இடப்பக்க மூலையில விலாவுக்குப் பின்னால இருக்கிற மண்ணீரல் சரியாய்த் தெரியாது. "ஸ்கான் எண்டது அண்டையில் படம் தம்பி. நாளையில் படம் இல்லை" எண்டார். கோபம் முழுக்கப் போகேல்லை. ஆனால் காய்ச்சல் விடாட்டி அதே ஸ்கானைத் திருப்பிக் கேட்கலாம் எண்டது எனக்குத் தெரியாமல் இருந்தது. அது தெரிஞ்சிருந்தால் நான் கேட்டிருப்பன்.

இனித்தான் கதையின்ர முக்கியமான ஆள் வாறா. குருநாகல் பக்கத்தில இருந்து வந்த இன்ரேர்ன் டொக்டர். தமிழ் கொஞ்சம்தான் தெரியும். இரத்தம் எடுக்க வந்தவா அப்பாவின்ர கால்மாட்டில நிண்டு, போர்வை விலகின காலைப் பார்த்தா. குதிக்கால் முழுக்கப் பித்தவெடிப்பு. நகக் கண்ணில கழுவியும் போகாத மண்கறை.

"ஐயா, வயல் இருக்கா?"

"ஓம் டொக்டர். சின்னனாய் ரெண்டு ஏக்கர்."

"யார் செய்யறது?"

"நான்தான்."

அவா கட்டில் தலைமாட்டு அட்டையை எடுத்துப் பார்த்தா. தொழில்: ஓய்வுபெற்ற ஆசிரியர். அதை எழுதினது அப்பாட்டப் படிச்ச ஒரு நேர்ஸ். அனுமதிச்ச அண்டைக்கு "சேர்!" எண்டு ஓடிவந்து, கதிரை எடுத்துப் போட்டு, தானே எல்லாம் நிரப்பினவா. அண்டையில இருந்து வாட்டில எல்லாருக்கும் அப்பா மாஸ்ரர். கணிதம் படிப்பிச்ச மனிசன். மரியாதைதான். அந்த மரியாதையால ஒராளும் அவரிட்ட, நீங்கள் சேத்துக்குள்ள இறங்கிறனீங்களோ எண்டு கேட்கேல்லை. எங்களுக்கும் சொல்லத் தோன்றேல்லை. வயல் எங்கட வீட்டில தொழிலாய் இருந்ததில்லை, அது அப்பாவின்ர பென்சன் காலத்துப் பொழுதுபோக்கு எண்டுதான் நானே ஆக்களுக்குச் சொல்லுறது.

அவா விடேல்லை. காய்ச்சலுக்கு முதல் வயலுக்குப் போனாரோ, காலில காயம் இருந்ததோ, செருப்புப் போட்டிருந்தாரோ. அப்பா யோசிச்சு யோசிச்சுச் சொன்னார். கார்த்திகை மழைக்கு வரம்பு உடைச்சிட்டுது. முழங்கால் தண்ணிக்குள்ள நிண்டு ஒரு நாள் முழுக்க மண் வெட்டிப் போட்டுக் கட்டினது. குதிக்காலில வெடிப்பு எப்பவும் இருக்கிறதுதான். அது நடந்து பத்து நாளையில காய்ச்சல்.

டொக்டர் ஒரு சொல்லைச் சொல்லிப்போட்டுப் போனா. மெலியோய்டோசிஸ். நான் கேள்விப்பட்டதேயில்லை. அப்பா அதை ஒரு துண்டில தமிழில எழுதி வைச்சார், வாத்தியார் பழக்கம்.

இது மண்ணில வாழிற ஒரு பக்ரீரியாவால வாற வருத்தம். ஈரமான வயல் மண்ணும் சேத்துத் தண்ணியும்தான் அதின்ர வீடு. வெடிப்புக் காலால உள்ள போகும், கடும் மழை காத்தில மூச்சோடயும் போகும். நீரிழிவுக்காரரை அது தேடிப் பிடிக்கிற மாதிரிப் பிடிக்கும். 1911இல ரங்கூனில விற்மோர், கிருஷ்ணசாமி எண்ட ரெண்டு பேர் கண்டுபிடிச்சது. தாய்லாந்தின்ர வடகிழக்கிலும் வட அவுஸ்திரேலியாவிலும் எல்லா டொக்டர்மாருக்கும் இது பழக்கம். இலங்கையில முதல் நோயாளி பற்றிய பதிவு 1927இல. அதுக்குப் பிறகு பல பத்து வருசம் இங்க இது இல்லை எண்ட மாதிரித்தான் இருந்தது. கொழும்பு மருத்துவ பீடத்தில பேராசிரியர் ஈனோகா கொரயாவும் அவவோட சேர்ந்த ஆக்களும் தேடத் தொடங்கின பிறகு நாடு முழுக்க வெளிப்பட்டது. அதுக்கு முதலும் சனம் இதால செத்துத்தான் இருக்கும். வேற பெயரில.

நான் கனநாள் யோசிச்ச விசயம் இது. சிரி ஸ்கான் இடத்தைக் காட்டினது. பெயரைக் காட்டேல்லை. மாமா சொன்ன பெட் ஸ்கான் எடுத்திருந்தால் அந்த ஆறேழு புள்ளியும் பிரகாசமாய் எரிஞ்சிருக்கும், வடிவான படமாய் இருந்திருக்கும். லிம்போமாவும் அப்படித்தான் எரியும், காசநோயும் அப்படித்தான் எரியும். எந்த மெசினும் கடைசியில ஊசி குத்த வேண்டிய இடத்தைத்தான் காட்டுது.

ஊசி குத்திறதுதான் அடுத்தது. மண்ணீரல் இரத்தம் நிறைஞ்ச உறுப்பு, குத்தினால் இரத்தம் கசியலாம், அப்படிக் கசிஞ்சு நிற்காட்டி வயித்தை வெட்ட வேண்டி வரலாம் எண்டு விளங்கப்படுத்திச்சினம். அதனால முதலில ஈரலில இருக்கிறதைக் குத்துவம் எண்டிச்சினம். ஈரலும் ஆபத்தில்லாத இடமில்லை. சம்மதக் கடிதத்தில அப்பா கையெழுத்து வைச்சார். சாட்சிக்கு நான். அப்பாவின்ர கையெழுத்து எங்கட ரிப்போர்ட் காட்டில இருக்கிற அதே கையெழுத்துத்தான், கொஞ்சம் நடுங்கி இருந்தது.

எந்த மெசினில பார்த்துக் குத்தினவை தெரியுமோ? அல்ட்ராசவுண்டில. நான் ஒரு மாதமாய்ச் சபிச்ச அதே மெசின். இப்ப எங்க பார்க்கோணும் எண்டு தெரிஞ்சபடியால் அதில அந்தக் கட்டி கண்ணுக்குத் தெரிஞ்சது. திரையில ஊசி ஒரு வெள்ளைக் கோடாய்ப் போய்க் கறுப்புப் புள்ளிக்குள்ள நுழைஞ்சதாம். ரெண்டு மில்லிலீற்றர் சீழ் வந்தது. சீழ் வந்தது எண்டு கேட்டு ஒரு குடும்பம் சந்தோசப்பட்டதை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீங்கள். அம்மா வாட்டு வாசலில நிண்டு அழுதா. கட்டியில் சீழ் எண்டால் அது பெரும்பாலும் தொற்று. தொற்று எண்டால் மருந்து இருக்கு.

கல்ச்சர் மூண்டாம் நாள் வளர்ந்தது. இதிலயும் ஒரு கண்டம் இருந்தது. இந்தக் கிருமியைப் பழக்கமில்லாத ஆய்வுகூடங்கள் சாதாரண சூடோமோனாஸ் எண்டோ, வெளியில இருந்து தவறுதலாய் விழுந்த அழுக்கு எண்டோ நினைச்சுத் தள்ளி வைக்கிறது உண்டாம். எங்களுக்கு அது நடக்கேல்லை. இன்ரேர்ன் டொக்டர் கோரிக்கைத் தாளில "நெற் செய்கையாளர், நீரிழிவு, மெலியோய்டோசிஸ் சந்தேகம்" எண்டு பெரிசாய் எழுதி அனுப்பியிருந்தா. ஆய்வுகூடத்தில அதை மனசில வைச்சே பார்த்திச்சினம். ஜென்ராமைசினுக்கு அசையேல்லை, கோ-அமொக்ஸிகிளாவுக்கு அடங்குது. இந்தக் கிருமியின்ர வழக்கமான குணம் அது. உறுதிப்படுத்தக் கொழும்புக்கு அனுப்பிப்போட்டு, பதில் வர முதலே மருந்தைத் தொடங்கினவை.

கோ-அமொக்ஸிகிளாவ். நான் பார்மசியில வாங்கிக் குடுத்த அதே மருந்து. அதுதான் நாலு நாள் காய்ச்சலைக் குறைச்சது, அதுதான் கல்ச்சரை வெறுமையாக்கினது, ரெண்டு கிழமையை விழுங்கினது. அப்பாட்ட இதைச் சொன்னன். "சரியான பாடம், பிழையான கணக்கு" எண்டார். வேற ஒண்டும் சொல்லேல்லை.

செவ்ராசிடிம் எட்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா நரம்பில. நாலு கிழமை. கட்டி இருக்கிற ஆக்களுக்கு அவ்வளவு நாள் வேணுமாம். மருந்து தொடங்கின உடனே காய்ச்சல் விடாது, ஒரு கிழமைக்கு மேலயும் இழுக்கும், பயப்படாதேங்கோ எண்டு முதலே சொல்லியிருந்தவை. சொல்லாமல் விட்டிருந்தால் நாங்கள் ஐந்தாம் நாளே கொழும்புக்கு ஏறியிருப்பம். ஒன்பதாம் நாள் பின்னேரம் ஐந்து மணிக்கு நான் கட்டிலைப் பார்த்துக்கொண்டு இருந்தன். ஆடேல்லை. ஆறு மணிக்கும் ஆடேல்லை. கொப்பியில 98.6 எண்டு எழுதினன். பிறகு கோ-ரைமொக்சசோல் குளிசை, மூண்டு மாதத்துக்கு, ஒரு நாளும் விடாமல். விட்டால் திருப்பி வரும் எண்டு சொன்னதை அம்மா ஒரு மந்திரம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிஞ்சா.

நகைப் பெட்டி திருப்பி அலுமாரிக்குள்ள போட்டுது. பெட் ஸ்கான் வீண் எண்டு நான் சொல்ல வரேல்லை. சிரியில ஒண்டும் தெரியாமல் போயிருந்தால் நாங்கள் அந்த நகையை வித்துத்தான் இருப்பம், விக்கிறதுதான் சரியாயும் இருந்திருக்கும். அதே வாட்டில பக்கத்துக் கட்டிலில இருந்த பெடியனுக்கு, என்னைவிட ரெண்டு வயது குறைவு, எல்லா ஸ்கானும் நோர்மல். அவனைக் கொழும்புக்கு அனுப்பினவை. அவன்ர தாயும் அம்மாவும் போன் நம்பர் மாத்திக்கொண்டவை. அவனுக்குப் பெரிய நாடியின்ர சுவரில அழற்சி எண்டு அங்கதான் பெட் ஸ்கானில தெரிஞ்சதாம்.

மூண்டாம் மாதம் திருப்பி அல்ட்ராசவுண்ட் எடுத்தது. மண்ணீரலில ரெண்டு தழும்பு மட்டும். ரிப்போர்ட்டில நோர்மல் எண்டு இருக்கேல்லை, "முன்னையதைவிடக் கணிசமான முன்னேற்றம்" எண்டு இருந்தது. அந்த வரியை நான் போட்டோ எடுத்து வைச்சிருக்கிறன்.

சிறுபோகம் தொடங்க முதல் நான் யாழ்ப்பாணத்தில ஒரு சோடி முழங்கால் பூட்ஸ் வாங்கிக் குடுத்தன். அம்மா காலில போட்டுப் பார்க்கச் சொல்ல, அப்பா முத்தத்தில ரெண்டு சுத்து நடந்து காட்டினார். முதல் நாள் வயலுக்குப் போகேக்க பூட்ஸோடதான் போனார். மத்தியானம் நான் சாப்பாடு கொண்டு போனன். தூரத்தில ஆள் குனிஞ்சு நிற்கிறது தெரிஞ்சது. கிட்டப் போகப் பார்த்தால் பூட்ஸ் ரெண்டும் வரம்பில, கழுவித் துடைச்சு, பக்கத்தில பக்கத்தில வைச்சிருக்கு.

"சேத்துக்குள்ள புதையுது பிள்ளை" எண்டார். "இழுத்தால் கால் மட்டும்தான் வருது."